அம்மாவுக்கு 62 வயது. நடை தடுமாறுகிறது, ஆனால் இடுப்பு ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார்கள். தண்டுவட நோயாக இருக்குமா? அது எதனால் வரும், எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இருக்கலாம். ஸ்கேன் எடுத்த இடமே தப்பாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை, சேலத்தில் பிசியோதெரபிஸ்ட். இதே கேள்வியோடு ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

தண்டுவடம் என்பது மூளைக்கும் கை கால்களுக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை, முதுகெலும்புக்குள்ளே ஓடுகிறது. சுண்டுவிரல் பருமன், பெரியவர்களுக்குச் சுமார் 45 செ.மீ. நீளம். ஆனால் அது இடுப்பு வரை முழுசாக இறங்குவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் இரண்டு எலும்புகள் அருகிலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும்தான். எல்லோரும் பயப்படுகிற எல்4-எல்5 மட்டத்தில், அதாவது இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில், தண்டுவடமே கிடையாது. நாற்பது தாண்டிய நிறையப் பேருக்கு அங்கே டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை, கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும், வலியே இல்லாதவர்களுக்கும்கூட. அதைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் பெல்ட் போட்டுக்கொண்டு திரிவது வீண்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்த பெரியவர் ஒருவர் அப்படித்தான் வந்தார். "நடக்கறப்ப செருப்பு எங்க கழண்டு விழுந்துச்சுன்னே தெரியலைங்க தம்பி" என்றார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சலங்கை கோர்க்கும்போது நழுவுகிறதாம், சட்டைப் பொத்தானை வீட்டம்மாதான் போட்டுவிடுகிறாராம். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். விரல்களை முழுசாக மடக்கி விரிக்கச் சொன்னேன். 10 நொடியில் 20 தடவையாவது வர வேண்டும், அவருக்குப் பாதிதான் வந்தது. முட்டிக்குக் கீழே சுத்தியலால் லேசாகத் தட்டினாலே கால் அளவுக்கு மீறித் துள்ளியது. உள்ளங்காலின் ஓரத்தைக் கீறினால் கட்டைவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. மூளையோ தண்டுவடமோ பாதித்திருப்பதற்கு, பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896-இல் சொன்ன அடையாளம் இது, கீறிப் பார்க்க ஒரு சாவி இருந்தால் போதும். நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். கழுத்து எம்ஆர்ஐயில், தேய்ந்து தடித்த எலும்பும் டிஸ்கும் சேர்ந்து தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தன. கழுத்து வலி ஒரு நாள்கூட வந்ததில்லையாம்.

உங்கள் அம்மா வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கழுத்துத் தேய்மானத்தைத்தான். ஆனால் அது ஒன்றே காரணமில்லை. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும்: ராத்திரியில் கூடும் முதுகுவலி, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு. இருமலே இல்லாமலும் வரும். மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி அழுத்துவதும் உண்டு.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. நான் கேட்கும் கேள்விகளில் "எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளந்தீங்க?" என்பதும் ஒன்று. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பாதிப்பு தொடங்கலாம். அளவு மிகுந்தால் எலும்பு அடர்ந்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து, தண்டுவடம் போகும் வழி குறுகும். சின்ன வயதிலிருந்தே அந்தத் தண்ணீர் என்றால் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள சவ்வு வெள்ளையாகத் தெரியும். கால் வராதவருக்குக் கையை ஏன் எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று வீட்டில் சண்டைக்கு வருவார்கள், காரணம் இதுதான்.

எதுவும் அழுத்தாமலேயும் தண்டுவடம் கெடும். எளிதில் தவறிப்போவது வைட்டமின் பி12 குறைபாடு. சுத்த சைவம், வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, வயிற்று அறுவை சிகிச்சை, இவை மூன்றையும் விசாரிக்க வேண்டும். பாதம் எரியும், மரக்கும். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினதும் ஆள் ஆடிப்போவார், இருட்டில் நடை மோசமாகும். ரத்தசோகை இல்லாமலும் இது வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலேயே நன்றாகத் தேறலாம், தாமதித்தால் பாதிப்பு தங்கிவிடும். அப்புறம் தண்டுவட அழற்சி: சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் கால் விழுந்து, வயிற்றைக் கயிறு கட்டி இறுக்குவது போல இருக்கும். கண் பார்வையும் மங்கியிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் நிமிஷங்களிலேயே செயலிழக்கும்.

அதனால் டாக்டர் முதலில் கேட்பது "எப்போதிருந்து, எவ்வளவு வேகமாக?" என்றுதான். அடுத்து, எந்த மட்டத்துக்குக் கீழே உணர்ச்சி குறைகிறது என்று பஞ்சாலும் ஊசி முனையாலும் பார்ப்பார். தொப்புளுக்குக் கீழே மரத்திருந்தால் கோளாறு அந்த மட்டத்தில் அல்லது அதற்கு மேலே. அதை வைத்துத்தான் கழுத்தா, நடுமுதுகா, முழு முதுகெலும்புமா என்று எம்ஆர்ஐ எழுதுவார். ரத்தப் பரிசோதனை, முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பது, காசநோய்ச் சந்தேகம் என்றால் திசு எடுத்து சோதிப்பது எல்லாம் தேவைக்கேற்பப் பின்னால் வரும். இந்தத் தட்டிப் பார்க்கும் ஐந்து நிமிஷம் இல்லாமல் எழுதிய ஸ்கேனில் எனக்கு நம்பிக்கை குறைவு.

சிறுநீர் வராமல் அடைத்தாலோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ஏற்காட்டில் மிளகு பறிக்க ஏறிச் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவரைக் கைகால் பிடித்துத் தூக்கி ஜீப்பில் போட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது கொடுமை. கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவை நரம்பியல் ஓ.பி.யில் காட்டுங்கள். நம் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். பழைய இடுப்பு ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். அதுவரை சுளுக்கு எடுக்கிறேன், கழுத்தில் சொடக்கு எடுக்கிறேன் என்று யாரையும் தொட விடாதீர்கள், என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் உட்பட.