78 அல்காரிதமும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: ஒரு வருடமாக 3×3 ரூபிக் கியூப் பழகுகிறேன். சராசரி நேரம் 38 விநாடியிலேயே நிற்கிறது. 78 அல்காரிதமும் (மனப்பாடமாகப் போடும் திருப்பு வரிசைகள்) மனப்பாடம் ஆனால்தான் இறங்கும், என் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தால் உலக அமைப்பின் சான்றிதழும் கிடைக்கும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். என் கியூப் சில சமயம் கடைசி அடுக்கில் தீரவே மாட்டேன் என்கிறது. அச்சு தேய்ந்துவிட்டது, தன்னிடம் புதிது வாங்கிக்கொள் என்கிறார். என் இன்னொரு பொழுதுபோக்கு ரோக்லைக் விளையாட்டு, செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய கணினி விளையாட்டு. அதில் 60 ரன் (ஆட்டம்) செத்தாயிற்று, ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. ஆட்டத்தில் எல்லாம் திறந்து வைத்த சேவ் ஃபைல் (சேமிப்புக் கோப்பு) ஒன்றை ஒருவர் விற்கிறார், வாங்கலாமா? கைவேகம், ஞாபகசக்தி இரண்டுமே எனக்கு இல்லையோ?

பதில்: கைவேகம் உங்களுக்குப் போதும். வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஎஃப்ஓபி முறையில் (முதலில் கிராஸ் என்ற சிலுவை, பிறகு முதல் இரண்டு அடுக்கு, முடிவில் கடைசி அடுக்கு) கியூபைத் தீர்க்கச் சுமார் 60 திருப்பு ஆகும். விநாடிக்கு 4 திருப்பு என்பது ஒரு வருடம் பழகிய கைக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆக 15 விநாடியில் முடிய வேண்டிய வேலை. மீதி 23 விநாடி எங்கே போகிறது? கை சும்மா நிற்கிறது, கண் அடுத்த துண்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. நம்பிக்கை வரவில்லையா, ஒருமுறை தீர்ப்பதை (அதுதான் ஒரு ‘சால்வ்’) ஃபோனில் படம் எடுத்து, கை நின்ற நேரத்தை மட்டும் கூட்டுங்கள். முதன்முறை நான் அப்படிக் கூட்டியபோது வெட்கமாக இருந்தது.

அந்த 78 என்பது கடைசி அடுக்குக்கு மட்டும்: ஓஎல்எல் (மேல் நிறத்தைச் சேர்ப்பது) 57, பிஎல்எல் (துண்டுகளை அதனதன் இடத்தில் வைப்பது) 21. உங்கள் நேரம் அங்கே போவதில்லை, அதற்கு முந்தைய எஃப்டூஎல் கட்டத்தில், முதல் இரண்டு அடுக்கைக் கட்டும்போது, போகிறது. கடைசி அடுக்கை இரண்டிரண்டு படியாகப் பிரித்துச் செய்தால் 10-ம் 6-ம் சேர்த்து 16 அல்காரிதம் போதும். இந்தப் 16-ஐ வைத்துக்கொண்டே 20 விநாடிக்குக் கீழே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 78-ம் தெரிந்து 35-ல் நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எரிச்சலூட்டும் அளவுக்கு எளிது: மெதுவாகத் திருப்புங்கள். டைமரை அணைத்துவிடுங்கள். எவ்வளவு மெதுவாகத் திருப்பினால் கை ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடுமோ, அவ்வளவு மெதுவாக. இப்போது கை செய்யும் ஜோடியை (ஒரு மூலைத் துண்டும் ஒரு விளிம்புத் துண்டும்) கண் பார்க்கக் கூடாது, அடுத்த ஜோடியைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் நேரம் கூடும், பயப்படாதீர்கள். அப்புறம் கிராஸ். கலைத்த எந்தக் கியூபிலும் கிராஸை அதிகபட்சம் 8 திருப்பில் முடிக்கலாம். பார்த்துத் திட்டமிட 15 விநாடி போட்டி விதிப்படியே தருகிறார்கள். வீட்டில் பழகுகிறவர்களில் பாதிப் பேர் அந்த 15 விநாடியைத் தொடுவதே இல்லை, கியூபை எடுத்ததும் டைமரைத் தட்டிவிடுகிறார்கள்.

அடுத்து அந்தச் சான்றிதழ். இதில் எனக்குப் பொறுமை கிடையாது. உலக கியூப் சங்கம் 2004-ல் தொடங்கியது. அதன் வேலை போட்டி விதிகளும் முடிவுகளும். பயிற்சியாளருக்கோ வகுப்பு முடித்த மாணவருக்கோ அது முத்திரை குத்தித் தருவதில்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட கோச்’ என்று ஒருவர் போட்டுக்கொண்டால் அவர் தன்னைத் தானே அங்கீகரித்துக்கொண்டார் என்று பொருள். அவர்களில் சிலர் நன்றாகவே சொல்லித் தருவார்கள், அது வேறு. சான்றிதழைக் காட்டிக் காசு கேட்கும்போதுதான் எழுந்து வந்துவிட வேண்டும். பணம் கட்டினால் ‘உலகச் சாதனையாளர்’ பத்திரம் அச்சடித்துத் தரும் கூட்டம் தனி, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் நேரத்தை ஊரறியப் பதிவு செய்ய ஆசை இருந்தால் நேரே போட்டிக்குப் போங்கள். 38 விநாடி தாராளமாகப் போதும், 2 நிமிடம் எடுப்பவர்களும் வருகிறார்கள். முதல் போட்டி முடிந்ததும் ஓர் அடையாள எண் கிடைக்கும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. நுழைவுக் கட்டணத்துக்கு மேல் யார் எதற்குக் கேட்டாலும் கேள்வி கேளுங்கள். ஆனால் பதிவு செய்வதே ஒரு பாடு. திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். கிடைத்தாலும் ஐந்து சால்வுக்காக அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். விதிப்புத்தகமோ உட்பிரிவுக்குள் உட்பிரிவாக நீளும். கடைசித் திருப்பில் ஓர் அடுக்கு 45 டிகிரிக்கு மேல் பிசகி நின்றால் 2 விநாடி அபராதம் என்பதை நான் அதில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மேஜையில் அபராதம் வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

கியூப் ‘தீர மாட்டேன்’ என்கிறதே, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழகினால் சரியாகிவிடும் என்று மேலே சொன்னதற்கெல்லாம் இது ஒன்றுதான் விலக்கு. எவ்வளவு பழகினாலும் இது சரியாகாது. இப்போதைய வேகக் கியூப்கள் இளகலாக ஓடும்படி செய்யப்பட்டவை. அவசரமாகத் திருப்பும்போது ஒரு மூலைத் துண்டு, கழன்று விழாமலே, இருந்த இடத்திலேயே மூன்றில் ஒரு பங்கு சுற்றிக்கொள்ளும். உங்களுக்கே தெரியாது. அதன் பிறகு முறைப்படி என்ன திருப்பினாலும் கியூப் தீராது. முறையான திருப்பு எதுவும் ஒரே ஒரு மூலையை மட்டும் தனியாகச் சுற்ற முடியாது. ஒரு மூலை ஒரு பக்கம் சுற்றினால் அதை ஈடுகட்ட இன்னொன்று சுற்றியே ஆக வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம்: கடைசி அடுக்கில் மஞ்சள் சிலுவை சரியாக வந்தபின் நான்கு மூலைகளில் மூன்றில் மஞ்சள் மேலே பார்க்கிறது, ஒன்றில் மட்டும் பக்கவாட்டில் பார்க்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், மூலை சுற்றியிருக்கிறது. சில நேரம் இரண்டு மூலை சரியில்லாததுபோல் தெரியும், அல்காரிதம் போட்டதும் ஒன்று மட்டும் மிஞ்சும். அதுவும் இதே நோய்தான். அந்த மூலையை விரலால் பிடித்து, மஞ்சள் மேலே வரும்வரை சுற்றிவிடுங்கள். அவ்வளவுதான் வைத்தியம். இப்படிச் செய்தால் ஏமாற்றுவது ஆகாதா என்று கேட்கிறார்கள். பிசகியதை நிமிர்த்துவதில் என்ன ஏமாற்று?

கியூபைக் கழற்றி, துண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் அது தீரக்கூடியதாக அமையும் வாய்ப்பு 12-ல் ஒன்றுதான். ஆகவே சுத்தம் செய்யக் கழற்றினால், தீர்ந்த நிலையிலேயே திரும்ப மாட்டுங்கள். கியூப் தீராமல் போவதற்கும் அச்சு தேய்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்கள் பயிற்சியாளருக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாரில்லை. இறுக்கமாக ஓடினால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், போதும்.

இனி அந்த 60 மரணம். முதலில் எந்த விளையாட்டு என்று நீங்கள் சொல்லவே இல்லை. அதுதான் முக்கியம். கடைகளில் இன்று எதை எடுத்தாலும் ‘ரோக்லைக்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். 1980-ல் வந்த ‘ரோக்’ விளையாட்டின் வழியில் வந்தவை அசல். அதில் செத்தால் எல்லாம் போச்சு, ஒவ்வொரு முறையும் புதுக் குகை. ‘நெட்ஹேக்’ அப்படித்தான். ஒரு ரன்னிலிருந்து அடுத்த ரன்னுக்கு நீங்கள் கொண்டுபோவது உங்கள் அறிவு மட்டும். 2020-ல் முழுதாக வந்த ‘ஹேடீஸ்’ போன்றவை ரோக்லைட். செத்தாலும் ஏதாவது வலிமை சேர்ந்துகொண்டே இருக்கும். 2008-ல் விளையாட்டு உருவாக்குபவர்கள் பெர்லினில் கூடி எது ரோக்லைக் என்று பட்டியல் போட்டுப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் சட்டை செய்யவில்லை. அதனால்தான் ஒருவர் 10 ரன்னில் ஜெயித்ததாகச் சொல்வதையும் உங்கள் 60 தோல்வியையும் ஒப்பிட முடியாது என்கிறேன். நெட்ஹேக்கில் ஒருமுறைகூட ஜெயிக்காமல் பல வருடம் ஆடியவர்கள் ஏராளம்.

சேவ் ஃபைலை வாங்காதீர்கள். அசல் ரோக்லைக் என்றால் திறப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. ரோக்லைட் என்றால் ஒவ்வொன்றாகத் திறப்பதுதான் பாடம், மொத்தமாகத் திறந்து வைத்தால் குழப்பமே மிஞ்சும். முன்பின் தெரியாதவரின் ஃபைலை உங்கள் கணினியில் போடுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நெட்ஹேக், ‘ப்ரோக்’, ‘டன்ஜன் க்ரால்’ மூன்றும் இலவசம். க்ராலை உலாவியிலேயே ஆடலாம், மற்றவர் ஆடுவதைப் பார்க்கவும் செய்யலாம். எந்த வகுப்பையும் விட அது நல்ல வகுப்பு.

சாவைக் குறைக்க ஒரே பழக்கம் சொல்கிறேன். இந்த மூன்றும் முறை வைத்து ஆடுபவை, நீங்கள் விசையை அழுத்தும்வரை அரக்கன் அசைய மாட்டான். உயிர் பாதியாகக் குறைந்ததும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பையில் இருப்பதை முழுவதும் படியுங்கள். குடிக்காத மருந்தும் படிக்காத மந்திரச் சுருளும் பையில் இருக்கச் செத்தவர்களே அதிகம். நெட்ஹேக்கில் உயிர் ஏழில் ஒரு பங்குக்குக் கீழே போனால் பிரார்த்தனை காப்பாற்றும். அடிக்கடி செய்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளும். நீல நிறத்தில் வரும் ‘மிதக்கும் கண்’ என்ற அரக்கனைக் கைக்கெட்டும் ஆயுதத்தால் அடிக்காதீர்கள், உறைந்து நின்றபடியே சாவீர்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். பத்து வரி சேர்ந்தால் ஒரே தவறு நாலைந்து முறை வந்திருக்கும். கியூபில் கை நின்ற இடத்தை ஃபோனில் பார்த்தீர்களே, அதே வேலைதான்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்தப் பயிற்சியாளருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா? கொடுத்திருந்தால், எந்த அமைப்பின் சான்றிதழ் என்று பெயரோடு எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.