புதுக் கூடைப்பந்து கையில வழுக்குது, பிடிப்பு வர என்ன செய்யலாம்?

வாங்கினது 'கொம்போசிட்' பந்து, அதாவது செயற்கைத் தோல் பந்து, ஒரு கிழமையாகியும் வழுக்குது எண்டு கேட்டிருக்கிறீங்கள். பந்தில பிழையில்லை. றப்பர் பந்தைக் கடையில இருந்து நேரே மைதானத்துக்குக் கொண்டுபோகலாம். செயற்கைத் தோல் பந்து அப்பிடியில்லை, கையோட பழக வேணும். உண்மைத் தோல் எண்டால் இன்னும் கூட நாள் எடுக்கும்.

யாழ்ப்பாணத்தில எங்களுக்குச் சிக்கல் தரைதான். கனபேர் விளையாடுறது திறந்தவெளிச் சீமெந்தில. வலிகாமப் பக்கம் எண்டால் செம்மண் தூசி வேற. புதுப் பந்தை அதில தட்டினால் மேல இருக்கிற சின்னச் சின்னப் பொட்டுகள் தேயும், இடையில தூசி அடையும். பிறகு பிடிப்பு வரவே வராது. அதால முதல் ரெண்டு மூண்டு கிழமைக்கு வீட்டு விறாந்தையைக் கூட்டித் துடைச்சுப்போட்டு அதிலயே தட்டுங்கோ. நாளுக்கு அரை மணித்தியாலம் காணும். மிச்ச நேரம் கதைச்சுக்கொண்டு இருக்கேக்க கையுக்குக் கை மாத்துங்கோ. கையின்ர வேர்வையும் எண்ணெய்ப்பசையும் ஊறித்தான் மேற்பரப்பு இளகும். என்ர பந்து மூண்டாம் கிழமைதான் மாறினது. அதுவரைக்கும் எறியேக்க சறுக்கின விரல் நுனி, அண்டைக்குப் பந்தோட ஒட்டி வந்தது.

தோலுக்கு இருக்கிற மதிப்பு சும்மா வந்ததில்லை. 2006 இல அமெரிக்காவின்ர தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ செயற்கைப் பந்தொண்டைக் கொண்டுவந்தது. விரலை வெட்டுது, ஈரம் பட்டால் வழுக்குது எண்டு வீரர்கள் முறையிட, 2007 ஜனவரி 1 இல தோல் பந்துக்கே திரும்பிச்சினம். எங்கட வெக்கைக்கு ஒரு துவாய் பக்கத்தில இருக்கட்டும், அடிக்கடி கையைத் துடையுங்கோ.

கழுவுற விசயத்தில கவனம். அப்பா காசு சேர்த்து வாங்கித் தந்த என்ர முதல் நல்ல பந்தை, சவர்க்காரத்தூள் கரைச்ச வாளிக்குள்ள முக்கித் தேய்ச்சு, கிணத்துக்கட்டில வெயிலுக்கு வைச்சன். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. காய்ஞ்சாப் பிறகு வெள்ளையாப் படிஞ்சு கிடந்தது. நாலைஞ்சு நாளில கறுப்புக் கோட்டோரம் தோல் கிளம்பி, நகம் உள்ள போற அளவுக்கு வந்திட்டுது. நினைச்சால் இப்பவும் மனம் கேக்காது.

இப்ப செய்யிறது இதுதான்: பழைய பெனியன் துணியை நனைச்சு, சொட்டுத் தண்ணி இல்லாமல் பிழிஞ்சு துடைப்பன். துணி சிவக்கும். மடிச்சு மடிச்சு, சிவப்பு வராத வரைக்கும் துடைச்சு, நிழலில ஆற விடுவன். பெற்றோல், ஸ்பிரிட், அரத்தாள் ஒண்டும் வேண்டாம். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

காத்தும் பாருங்கோ. கூட அடிச்சால் தோல் இறுகி, கைக்குள்ள அடங்காமல் வழுக்கும். அளவு வால்வடியில எழுதியிருக்கும், பெரும்பாலும் 7 இல இருந்து 9 பிஎஸ்ஐ (காத்தழுத்த அலகு). காத்தழுத்தம் பாக்கிற அளவி இல்லாட்டி 1.8 மீற்றர் உயரத்தில இருந்து விட்டுப் பாருங்கோ. பந்தின்ர மேற்பக்கம் 1.2 இல இருந்து 1.4 மீற்றருக்குள்ள எழும்பினால் சரி. ஊசியை நனைச்சுத்தான் குத்த வேணும், காய்ஞ்ச ஊசி வால்வைக் கிழிச்சுப்போடும்.

ஏலுமெண்டால் சீமெந்துக்கெண்டு மலிவான றப்பர் பந்து ஒண்டு தனிய வாங்குங்கோ. நான் பயிற்சிக்கு அதைத்தான் கொண்டுபோறன். நல்ல பந்து உள்ளரங்கில மட்ச் வந்தால்தான் பையை விட்டு வெளியில வரும்.