தாதாவைச் சுற்றி நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூனில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து 18 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். தாதா கதைதான். தெரிந்த முகம் யாரும் இல்லை, நடிப்பை மட்டும் நம்பினோம். மையக் காட்சியில் தாதா அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுகிறார். எட்டு அடியாட்கள் கைகட்டி நிற்கிறார்கள். பணத்தைக் கையாடிய பையனை இழுத்து வருகிறார்கள். போட்டுக் காட்டியபோது சரியாக அந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாதாவாக நடித்தவர் மேடை நாடகத்தில் பெயர் எடுத்தவர். குறை அவரிடமா, எழுத்திலா? நட்சத்திரம் இல்லாமல் இந்த வகைப் படம் நிற்காது என்றும் ஒருவர் சொன்னார். தீபாவளிக்கு முன் அந்தக் காட்சியை மறுபடி எடுக்கப் போகிறோம். காட்சித் துண்டையும் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

வாசகர், ஈசூன்

அன்புள்ள நண்பருக்கு,

துண்டைப் பார்த்தேன். நட்சத்திரத்தை விட்டுவிட்டீர்கள், நட்சத்திரத்துக்குத் தைத்த சட்டையை விடவில்லை. ஸ்லோமோஷன் நடை, தரையிலிருந்து மேல் நோக்கும் கேமரா, எட்டுப் பேர் பரிவாரம், 14 வரி வசனம். இதெல்லாம் அரங்கம் ஏற்கெனவே கொண்டாடும் ஒருவருக்காக உருவான ஏற்பாடு. அவர் உள்ளே வரும்போதே முந்தைய இருபது படங்களின் கனத்தோடு வருகிறார், விசிலே பாதி வேலையைச் செய்துவிடும். உங்கள் நடிகருக்கு அந்த முன்பணம் கிடையாது. அதனால்தான் சிரித்தார்கள்.

நட்சத்திரம் இருந்தால் நடிப்பு கெட்டுவிடும் என்றும் இல்லை. ‘நாயகன்’ வந்த 1987இல் கமல்ஹாசன் பெரிய நட்சத்திரம்தான். மகனின் உடலைப் பார்க்கும் இடத்தில் அழுகை முழுக் குரலாக வராமல் தொண்டையிலேயே உடைகிறது. நட்சத்திர பிம்பத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர் அப்படி அழமாட்டார்.

தாதா பயங்கரமானவர் என்று அவரே நடித்துக் காட்ட முடியாது. எவ்வளவு உறுமினாலும் உறுமல்தான் தெரியும். சுற்றி நிற்பவர்கள்தான் பயத்தைக் கொண்டுவர வேண்டும். உங்கள் எட்டுப் பேரும் பள்ளிக்கூடக் காலைக் கூட்டம் மாதிரி ஒரே கோணத்தில் நின்று தாதாவின் முகத்தையே பார்க்கிறார்கள். உண்மையில் பயந்தவன் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பான்.

மூன்று பேர் போதும். ஒருவன் பரோட்டாவைப் பிய்த்துத் தட்டில் போடுகிறான். பையன் வந்ததும் அவன் கை நிற்கக் கூடாது, வேகம் மட்டும் குறையட்டும். இன்னொருவன் பையனுக்குச் சொந்தக்காரன். மேசையில் சிந்திய குழம்பைத் துடைக்கிறான், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறான். மூன்றாமவன் தூணோரம் ஜாகா பார்க்கிறவன், அதாவது காவல் நிற்கிறவன். உள்ளே என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் திரும்பவே மாட்டான். இந்த மூன்றும் அமைந்துவிட்டால் 14 வரியும் தேவைப்படாது. பையனைப் பார்த்து ‘சாப்டியா?’ என்று கேட்டால் போதும்.

‘வடசென்னை’யின் (2018) தொடக்கத்தை மறுபடி பாருங்கள். கொலை முடிந்துவிட்டது. நால்வர் உணவுக்கடையில் உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். செத்தவன் எவ்வளவு பெரிய ஆள் என்பது அந்த நால்வரின் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. பாடலே இல்லாத ‘ஆரண்ய காண்டம்’ (2011) படத்தில் எனக்கு ஜாக்கி ஷெராஃபின் கிழட்டுத் தாதாவைவிட குரு சோமசுந்தரத்தின் நொடித்துப்போன தகப்பன்தான் அதிகம் நினைவில் இருக்கிறார்.

இனி உங்கள் மேடை நடிகர். அவர் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசிப் பழகியவர், கேமராவோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘குறைத்து நடியுங்கள்’ என்று சொன்னால் விறைத்துப்போவார். அதற்குப் பதில் வேலை கொடுங்கள். நிஜமாகவே சாப்பிடட்டும். ஆனால் திரையில் சாப்பிடுவது லேசான காரியமில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த வாய் என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் எடிட்டிங்கில் ஒரு ஷாட்டில் பாதிப் பரோட்டா, அடுத்ததில் முழுப் பரோட்டா. மூன்று கோணம், கோணத்துக்கு ஐந்து டேக் என்றால் 15 பரோட்டா, கைவசம் இன்னும் ஐந்து. ஆறினால் தோலாகிவிடும். மெல்லவே நேரம் போய் வசனம் பிந்தும், அதை நடிப்புக் குறை என்று நினைத்துவிடுவீர்கள். சின்ன வாயாக எடுத்து, விழுங்கிய பிறகு பேசச் சொல்லுங்கள்.

துண்டில் தாதா நடந்து வரும்போது விளக்குத் துடிக்கிறது, கவனித்தீர்களா? இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல குழல்விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். நீங்கள் விநாடிக்கு 120 ஃபிரேமில் எடுத்ததால் ஒவ்வொரு ஃபிரேமிலும் வெவ்வேறு வெளிச்சம் விழுந்திருக்கிறது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் அடங்கிவிடும். ஸ்லோமோஷன் வேண்டியே தீரும் என்றால் 100 ஃபிரேம், ஷட்டர் 1/100. எனக்குக் கேட்டால் அந்த நடையையே வெட்டிவிடுவேன்.

ஒலிதான் பெரிய தலைவலி. கான்கிரீட் கூரைக்குக் கீழே எல்லாம் எதிரொலிக்கும். தாதா மெதுவாகப் பேச வேண்டும் என்றால் காலர் மைக் அவசியம், கேமராவுக்குப் பின்னாலும் மேசைக்கடியிலும் கனமான போர்வைகளை விரியுங்கள். பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். பையனின் மூச்சு அங்கே வாங்கியது வாங்கியதுதான், ஸ்டூடியோவில் திரும்ப வராது. எடிட்டிங்கில் முதல் வடிவம் இசையே இல்லாமல் இருக்கட்டும். இசையில்லாமல் எந்த இடம் தொய்கிறதோ அங்கே நடிப்புப் போதவில்லை.

அப்புறம் அந்த ‘இன்னாடா’. சொல்லும் முன் ஒவ்வொருவர் வாயும் ஒரு கணம் தயங்குகிறது. ஈசூன் பையன் எதற்கு வடசென்னைப் பாஷை பேச வேண்டும்? ‘அண்ணே, ரிலாக்ஸ் லா’ என்பது காகிதத்தில் சிரிப்பு வசனம். கன்னம் நடுங்கிக்கொண்டே ஒருவன் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கீழ்த்தளத்துக்கு நகர மன்ற அனுமதி, போலி ஆயுதம் வெளியே தெரிவதாக இருந்தால் காவல்துறையிடம் முன்கூட்டியே பேச்சு. இரண்டையும் ஒத்திகைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அட்டைக் கத்தி வேண்டாம், கனமில்லாதது மணிக்கட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கெட்டி ரப்பரில் செய்து கைப்பிடிக்குள் ஈயம் வைத்தால் கை தானாகத் தாழும்.

ரத்தம் துண்டில் ஆரஞ்சாகத் தெரிகிறது. ஒரு கோப்பை சோளப்பாகுக்கு இரண்டு தேக்கரண்டி சிவப்பு உணவுச்சாயம், அரைத் தேக்கரண்டி கோக்கோத்தூள், ஒரு சொட்டு நீல உணவுச்சாயம். முதலில் அதே விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் துணியில் தடவிப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள், குறையுங்கள். முடிந்ததும் தரையை வெந்நீரில் கழுவிவிடுங்கள். சர்க்கரைப் பாகு அது, காலையில் எறும்பு மொய்த்தால் அடுத்த முறை அந்த இடம் கிடைக்காது.

அன்புடன்