அதே வேலைதான், ஆனாலும் விட முடியவில்லை!

கேள்வி: அப்பாவோடு விசைப்படகில் கடலுக்குப் போகிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் பொழுது போகாமல் செல்போனில் ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டை விளையாட ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் விடுவது, மாட்டைத் தடவிக் கொடுப்பது, மீன் பிடிப்பது, தூங்குவது என்று தினமும் இதேதான். ஆனாலும் விடியற்காலை 3 மணி வரை போனைக் கீழே வைக்க முடியவில்லை. அப்பா வலை தைக்கக் கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, சோம்பேறிகளுக்கு இந்த விளையாட்டு ஒத்தே வராது. காலை 6 மணிக்கு எழுப்பி மண்வெட்டியைக் கையில் கொடுக்கிறது. பிறகு ஏன் பிடித்துப்போகிறது?

அங்கே தண்ணீர் விட்டால் சொன்ன நாளில் அறுவடை. ராத்திரி படுத்ததும் இன்றைக்கு வரவு இவ்வளவு என்று கணக்குக் காட்டிவிடும். தூண்டிலில் மீன் தப்பினாலும் கொஞ்சம் தெம்புதான் குறையும், கடன் ஏறாது. நம் கடல் அப்படியா? கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி, டீசலும் ஐஸும் ஏற்றி, ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்தாலும் டீசல் காசுகூடத் தேறாத நாள் உண்டு. பாடுபட்டால் பலன் நிச்சயம் என்கிற நிம்மதிக்கு உங்கள் மனசு ஏங்குகிறது. அதில் தப்பே இல்லை.

நிறுத்த முடியாததற்குக் காரணம் வேறு. எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2016-ல் வெளியிட்ட விளையாட்டு இது. அதில் ஒரு முழு நாள் என்பது நமக்குச் சுமார் 14 நிமிடம். கிழங்கு நாளைக்குத் தயாராகும். கோழிக்குஞ்சு வளர இன்னும் ஓரிரு நாள் ஆகும். கொல்லரிடம் கொடுத்த கருவி வர 2 நாள். எல்லாம் ஒரே நாளில் முடியவே முடியாது. எப்போது நிறுத்தினாலும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும். ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று நீங்கள் சொல்லிக்கொள்வது அதனால்தான்.

அதனால், அன்றைய கணக்கு வந்து, ஆட்டம் சேமிக்கப்பட்டதும் போனை அணைத்துவிடுங்கள். மறுநாள் செடி எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தீர்களோ, போச்சு!

எனக்குப் பெரிய கவலை உங்கள் தூக்கம்தான். ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிகிறது. அப்புறம் வலைக் கயிற்றை இழுக்கும் வின்ச் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். கயிறு சுற்றும்போது ஒரு நொடி கண் சொக்கினால் விரல் போய்விடும். ஜூன் பிறந்ததுமே ராத்திரி 11 மணிக்குள் படுத்துப் பழகுங்கள். இதில் மட்டும் சாக்குச் சொல்லாதீர்கள்.

சரி, வலை விஷயம். கூப்பிட்டபோதெல்லாம் போய் அங்கே நாலு கண்ணி, இங்கே நாலு கண்ணி என்று தைத்தால் யாருக்கும் சலிக்கும். “இந்த ஒரு வலையை முழுசா என்கிட்ட விட்டுடுங்கப்பா” என்று கேட்டுப் பாருங்கள். எது கிழிந்திருக்கிறது, இன்றைக்கு எதுவரை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். தைக்கப் போகும்போது போன் வீட்டிலேயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து தாராளமாக விளையாடுங்கள்.