வாசகர் கேள்வி பதில்: சுயாட்சி வந்ததும் அயர்லாந்து வளர்ந்ததா?

பட்டர்வொர்த் வாசகர்: பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் என் மகனை நிறுவனம் பயிற்சிக்கு அயர்லாந்து அனுப்புகிறது. அவர்களும் நம்மைப் போல் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து விடுபட்டவர்களாமே, சுயாட்சி கிடைத்ததும் முன்னேறிவிட்டார்களா?

பதில்: மகனுக்கு வாழ்த்துகள் ஐயா. உடனே முன்னேறவில்லை, முப்பது நாற்பது வருடம் திண்டாடினார்கள். 1922 டிசம்பரில் ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தபோது, கப்பல் கட்டும் தளங்களும் லினன் ஆலைகளும் இருந்த பெல்ஃபாஸ்ட், வடக்கு அயர்லாந்தோடு பிரிட்டன் பக்கமே நின்றுவிட்டது. தெற்கில் மிஞ்சியது மாடும் வெண்ணெயும்தான். ஏற்றுமதியில் 90 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியதும் அதே பிரிட்டன். போதாக்குறைக்கு, பிரிட்டனோடு செய்துகொண்ட விடுதலை ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் 1923 வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்த நிலையிலும் ஷானன் ஆற்றில் ஆர்ட்னக்ரஷா நீர்மின் நிலையத்தை ஜெர்மனியின் சீமென்ஸைக் கொண்டு 1929-ல் கட்டி முடித்தார்களே, அந்தத் துணிச்சலை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

1932-ல் டி வலேரா ஆட்சிக்கு வந்தார். விவசாயிகள் நிலம் வாங்கிய பழைய கடனுக்கான தவணையை இனி லண்டனுக்கு அனுப்ப முடியாது என்றார். பிரிட்டன் பதிலுக்கு ஐரிஷ் மாடுகள் மேல் வரி போட, 1938-ல் 1 கோடி பவுன் மொத்தமாகக் கொடுத்துத் தீர்க்கும்வரை இழுபறிதான். உள்ளூர்த் தொழிலைக் காக்க இறக்குமதி வரியை உயர்த்தினார்கள், வெளிநாட்டவர் தொழிற்சாலை வைத்துக்கொள்ளவும் கட்டுப்பாடு போட்டார்கள். முதலில் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் மொத்த மக்களே 30 லட்சத்துக்குள் என்றால், உள்ளூரில் மட்டும் விற்று ஓர் ஆலை எவ்வளவு வளரும்? 1950-களில் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள்.

திருப்பம் 1958-ல் வந்தது. நிதித்துறைச் செயலாளர் விட்டேக்கர், பழைய வழி இனி உதவாது என்று புள்ளிவிவரத்தோடு எழுதிக்கொடுத்தார். மறுவருடம் பிரதமரான லெமாஸ் அதைக் கையில் எடுத்தார். இத்தனைக்கும் 1930-களில் அமைச்சராக இருந்து அந்த வரிச்சுவரை எழுப்பியவரே அவர்தான். தான் கட்டியதைத் தானே இடிக்க முன்வந்த அரசியல்வாதியை நான் மதிக்கிறேன். 1959-ல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டித் தடையற்ற வணிக வட்டாரம், 1967-ல் இலவச இடைநிலைக் கல்வி, 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இடம் என்று அடுத்தடுத்து நடந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரம் பிறந்தது 1972-ல். இன்டெல் அன்றே இங்கே வந்துவிட்டது, அயர்லாந்தின் லெய்க்ஸ்லிப்புக்குப் போனது 1989-ல்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: விடுதலைக்குப் பிறகும் இத்தனை வறுமை என்றால், பிரிட்டனோடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பார்கள் என்று என் அத்தான் வாதாடுகிறார். சரியா?

பதில்: சரியில்லை அம்மா. 1801 முதல் பிரிட்டனோடு ஒரே ஆட்சியாகத்தானே இருந்தார்கள்? 1845-ல் உருளைக்கிழங்கு நோயில் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. 1841-ல் 82 லட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை 1911-ல் 44 லட்சம். சுயாட்சி மசோதா 1886-லும் 1893-லும் தோற்றது, 1914-ல் சட்டமாகியும் போரைக் காரணம் காட்டி நிறுத்தி வைத்தார்கள்.

அத்தானிடம் பெல்ஃபாஸ்ட்டைக் கேட்கச் சொல்லுங்கள். 1922-ல் தெற்கைவிட வளமாக இருந்தது வடக்கு. ஆனால் நிறுவன வரியை முடிவு செய்யும் அதிகாரம் லண்டனில் இருந்தது. தெற்கின் தலைநகரான டப்ளினோ 1956-லேயே ஏற்றுமதி லாபத்துக்கு வரிச்சலுகை கொடுக்க முடிந்தது. இன்று வளமாக இருப்பது தெற்கு. தப்பும் அவர்களுடையது, அதைத் திருத்தும் அதிகாரமும் அவர்களுடையது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பூலாவ் தீக்குஸ் வாசகர்: தனிநபர் வருமானத்தில் அயர்லாந்து உலகின் முன்வரிசையில் இருக்கிறதே, நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். 2015-ல் மட்டும் அவர்கள் பொருளாதாரம் 25 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளை அங்கே மாற்றிக்கொண்டதுதான் பெரிய காரணம். அதனால் அவர்களுடைய புள்ளிவிவர அலுவலகமே அதையெல்லாம் கழித்து, திருத்திய தேசிய வருமானம் என்று தனிக்கணக்கு வெளியிடுகிறது. ஒப்பிடுவதாக இருந்தால் அந்தக் கணக்கை எடுங்கள். அதன்படியும் வசதியான நாடுதான், தலைசுற்றும் அளவுக்கு இல்லை.