எய்டெட் இடமா, சுயநிதி இடமா? குலசேகரத்திலிருந்து ஒரு தந்தையின் கேள்வி

குலசேகரத்தை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டும் தொழில் செய்யும் ஒரு தந்தை எழுதியிருக்கிறார்: “ஐயா, என் மகள் முதல் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்து 600க்கு 486 வாங்கியிருக்கிறாள். மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் எய்டெட் பிரிவில் பி.எஸ்சி. கணிதம் கிடைக்கிறது. நாகர்கோவிலில் பெயர் பெற்ற ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கிடைக்கிறது; அது சுயநிதிப் பிரிவு, விடுதியிலும் தங்க வேண்டும். இதற்கிடையில் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, வெளிமாநிலத்தில் நர்சிங் சேர்த்துவிடுகிறேன், சான்றிதழ்களை இப்போதே கொடுங்கள் என்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள். எதில் சேர்ப்பது? ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் இவளால் சமாளிக்க முடியுமா?”

ஏஜென்ட் பேச்சை முதலில் முடித்துவிடலாம். மூலச் சான்றிதழ்களை எந்த இடைத்தரகரிடமும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிக்கையின்படி, கல்லூரிகளே மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படியிருக்க, கல்லூரிக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் ஒருவர் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. நர்சிங் உயர்ந்த தொழில்தான். ஆனால் உங்கள் மகள் அதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன். எய்டெட் பிரிவில் ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு கொடுக்கிறது. ஆகவே மாணவர் கட்டும் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் ஊதியம் முதல் ஆய்வகப் பொருள்கள் வரை மாணவர் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். நம் மாவட்டத்தின் பழைய கல்லூரிகள் பலவற்றில் இந்த இரண்டு பிரிவுகளும் ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இயங்குகின்றன. பெற்றோர் கல்லூரியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வந்து, கட்டணச் சீட்டைப் பார்த்த பிறகுதான் வேறுபாட்டை உணர்கிறார்கள். சேர்க்கைக் குழுவில் இருந்த ஆண்டுகளில், “இது எய்டெட் இடமா, செல்ஃப் பைனான்ஸா?” என்று முதலிலேயே கேட்ட பெற்றோரை நான் அரிதாகவே கண்டேன். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருப்பது நல்லது.

என் கருத்து மார்த்தாண்டத்து எய்டெட் கணித இடத்தின் பக்கமே சாய்கிறது. அதற்கான முதற்காரணம் உங்கள் வீட்டு வருமானம் வரும் மாதங்களும் கட்டணம் கேட்கப்படும் மாதங்களும் ஒன்றோடொன்று மோதுவது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் மாவட்டம் நம்முடையது. சேர்க்கைக் கட்டணம் ஜூன், ஜூலையில் வருகிறது. அப்போது மேற்கு மலையோரத்தில் மழை பிடித்துப் பால்வெட்டு நாள்கள் குறைந்திருக்கும். தேர்வுக் கட்டணமும் அடுத்த பருவத்துக் (செமஸ்டர்) கட்டணமும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்து நிற்கின்றன; அப்போதும் மழைதான். ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலையுதிர்க்கும்போது பாலும் குறைந்துவிடும். உங்கள் தொழிலிலேயே இருந்த ஒரு வீட்டுப் பிள்ளை, படிப்பில் எந்தக் குறையும் இல்லாமல், இரண்டாம் பருவக் கட்டணத்தை உரிய நாளில் கட்ட முடியாத ஒரே காரணத்தால் நின்றுபோனதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே மூன்றாண்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவதோடு நில்லாமல், ஆறு பருவங்களிலும் எந்த மாதம் எவ்வளவு கேட்பார்கள் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதி, உங்கள் வருமான மாதங்களுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். சுயநிதிக் கட்டணமும் விடுதிச் செலவும் சேரும்போது அந்தத் தாள் என்ன சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, தொலைவு. உங்கள் ஊரிலிருந்து நாகர்கோவிலைவிட மார்த்தாண்டம் ஏறக்குறையப் பாதித் தொலைவுதான், விடுதி வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் கிடையாது. ஆனாலும் சேர்வதற்கு முன் ஒரு வேலை நாளில் மகளோடு காலைப் பேருந்தில் ஒருமுறை போய்வாருங்கள். முதல் வகுப்பு மணிக்குள் சேர முடிகிறதா, மாலையில் கடைசி வகுப்பு முடிந்து எத்தனை மணிக்கு வீடு திரும்ப முடியும் என்பதை அட்டவணையைப் பார்த்து அல்ல, போய்ப் பார்த்துத்தான் அறிய முடியும்.

கணினி படிக்க வேண்டும் என்ற ஆசை மகளுக்கு இருந்தால், கணிதம் எடுப்பதால் அந்தக் கதவு மூடிவிடாது. பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதித் தமிழகக் கல்லூரிகளில் எம்.சி.ஏ. என்ற கணினி முதுநிலைப் படிப்பில் சேரலாம், அதே படிப்புக்கு நிம்செட் எழுதித் திருச்சி உள்ளிட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்குப் போகலாம், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது. ஆசிரியப் பணி வேண்டுமென்றால் பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதலாம். படிக்கும்போதே நான் முதல்வன் திட்டத்தின் வழியாகக் கணினித் திறன் பயிற்சியும் கிடைக்கிறது. வேறெங்கும் சேர நினைத்தாலும் பட்டத்தின் பெயரை உற்றுப் பாருங்கள். புதுப் பெயர் சூட்டிய சில பட்டங்கள் அரசு வேலைக்கு மூலப் பட்டத்துக்கு இணையானவை அல்ல என்று அரசாணைகள் வந்திருக்கின்றன. பி.எஸ்சி. கணிதத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வழி விடுபட்டிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகச் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கணித மதிப்பெண்ணோடு இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களில் பாதிப் பாதியைக் கூட்டினால் 200க்கு வரும் எண்தான் கட்-ஆஃப். மகள் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருந்து, பொறியியலில் உண்மையான விருப்பமும் இருந்தால், நாகர்கோவிலில் கோணம் என்ற பகுதியில் இருக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களைக் கலந்தாய்வுப் பட்டியலில் மேலே வைக்கலாம். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் இந்தச் சலுகை கிடைக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கோணத்தில் அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. கட்டணத்தில் அதுவே மிகக் குறைவு.

எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். அதற்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; கணக்கு அவள் பெயரில், ஆதாரோடு இணைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சேர்க்கை நேரத்தில் திருவட்டாறு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிராது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்டது, முதல் தலைமுறையாக வரும் எல்லாப் பெற்றோரின் மனத்திலும் இருக்கும் கேள்வி. சேரும்போதே அந்தத் துறையில் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பட்டம் தேவைப்படும் பணிகளுக்கு அந்த முன்னுரிமையைக் கோர, முதல் வகுப்பு முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கிலவழியில் பட்டம் பெற்றால் பட்டதாரி நிலைப் பணிகளில் அந்த உரிமை போய்விடும். பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட குரூப் 4 போன்றவற்றில் அது நீடிக்கும். இழப்பு இன்னதென்று தெரிந்துகொண்டு ஆங்கிலவழியில் சேர்வது தவறன்று. தெரியாமல் சேர்வதுதான் பின்னால் வருத்தம் தரும்.

ஆங்கிலவழியே அமைந்தாலும் கணிதம் எடுத்த பிள்ளைக்குத் தடை நீங்கள் அஞ்சும் அளவுக்கு இருக்காது. அணிகள், கலப்பெண்கள், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் அவள் பள்ளியில் போட்டுப் பழகியவை. முதலாண்டில் அவையே மேட்ரிக்ஸ், காம்ப்ளெக்ஸ் நம்பர்ஸ், லிமிட், டிஃபரென்ஷியேஷன், இன்டெக்ரேஷன் என்ற பெயர்களில் வந்து நிற்கும். பெயர் புரியாமல் பாடமே புரியவில்லை என்று எண்ணி மிரள்வதுதான் முதல் இரண்டு மாதங்களில் நடக்கும் விபத்து. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டை எடுத்து, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்களையும் ஆங்கிலவழிப் பாடநூல்களையும் அருகருகே வைத்து, சொற்களை இரு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பாடத்திட்டத்தில் அரசு வெளியிட்ட நூல்கள். இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. வகுப்பு தொடங்கிய பிறகு ஒவ்வொரு தேற்றத்தின் கூற்றையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்து, நிறுவலைத் தமிழில் தனக்குத்தானே விளக்கிப் பார்த்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்தப் பழக்கத்தைத் தீபாவளி வரை விடாமல் பிடித்த பிள்ளைகள் இரண்டாம் பருவத்தில் மொழியைப் பற்றிப் பேசியதே இல்லை.

வருகைப்பதிவு 75 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வெழுதுவதே சிக்கலாகும். மழைநாளில் பேருந்து வராமல் தவறும் வகுப்புகளும் அந்தக் கணக்கில்தான் சேரும், ஆகவே மற்ற நாள்களில் விடுப்பு வேண்டாம். மூத்த மாணவர் யாரேனும் தொல்லை கொடுத்தால் மறைக்காமல் துறைத்தலைவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ராகிங் தடுப்புக்கான 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணும் அவள் கைப்பேசியில் இருக்கட்டும். இன்டர்னல் தேர்வுகள் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட விரைவில் வந்துவிடும். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்து வந்தால் வீட்டில் யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். விடைத்தாளை எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் அந்த ஆசிரியரிடம் போய், எந்த வரியில் தவறினேன் என்று தமிழிலேயே கேட்கச் சொல்லுங்கள். அப்படி வந்து கேட்ட மாணவியின் பெயரை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை.