இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்துக்கு இத்தனை வீடு வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அந்த எண்ணை நம்பலாமா?

உங்கள் மாவட்டத்தில் சுமார் 60,000 வீடுகள் இருக்கின்றன, எங்கே எவ்வளவு கட்டலாம் என்று கவுன்சில் வெளியிட்ட திட்ட வரைவில் வருடத்துக்கு 900க்கு மேல் புது வீடு வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள், ஊரில் பாதிப் பேர் வயலைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மகன் வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியும் உங்களோடுதான் இருக்கிறார் என்பதையும் போகிற போக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தென் இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இந்தக் கணக்குதான் என் அன்றாடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 900. அதை உங்கள் கவுன்சில் உட்கார்ந்து யோசித்துப் போடவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு மாற்றியமைத்த சூத்திரத்தில் இருந்து அது வந்திருக்கும். மாவட்டத்தில் இப்போது இருக்கும் வீடுகளில் 0.8 சதவீதத்தை எடுக்க வேண்டும். 60,000 வீட்டுக்கு 480. அடுத்து விலை. அங்கே வேலை செய்பவர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் வாங்குவது) போல் வீட்டின் இடைநிலை விலை எத்தனை மடங்கு என்று ஐந்து வருடச் சராசரி பார்ப்பார்கள். ஐந்து மடங்குவரை கூடுதல் எதுவும் இல்லை. உங்கள் பக்கம் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஐந்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, 0.95ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 1.95. அதை 480ஆல் பெருக்கினால் 936. அவ்வளவுதான். இங்கிலாந்தின் எல்லா மாவட்டத்துக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால் வருடத்துக்குச் சுமார் 3.7 லட்சம் வீடு வரும்.

இந்தக் கணக்கில் வீடு இல்லாத ஒருவரைக்கூட யாரும் எண்ணவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இருக்கும் வீடும் விற்கும் விலையும் சம்பளமும் மட்டுமே உள்ளே போகின்றன. காசு இருப்பவர்கள் எவ்வளவு போட்டி போடுகிறார்கள் என்பதை விலை காட்டும். அது கிராக்கி. ஒழுகாத, நெருக்கடி இல்லாத, கட்டுப்படியாகும் ஒரு வீடு எத்தனை குடும்பத்துக்கு இல்லை என்பது தேவை. இரண்டும் வேறு. தமிழ்நாட்டுப் பொருளியல் பாடப்புத்தகத்தில் டிமாண்டுக்கே ‘தேவை’ என்றுதான் பெயர் என்பதால் நமக்குக் குழப்பம் அதிகம். இலங்கையில் ‘கேள்வி’ என்று படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இப்படி ஒரு சூத்திரம் ஏன் வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு முந்தைய முறை, இத்தனை வருடத்தில் எத்தனை புதுக் குடும்பங்கள் உருவாகும் என்ற முன்கணிப்பில் இருந்து தொடங்கியது. கேட்க நியாயமாக இருக்கும். 2014ஐ அடிப்படையாகக் கொண்ட கணிப்பு இங்கிலாந்தில் வருடத்துக்கு 2.1 லட்சம் குடும்பங்கள் கூடும் என்றது. 2016ஐ அடிப்படையாகக் கொண்டு வந்த அடுத்த கணிப்பு அதை 1.59 லட்சமாகக் குறைத்தது. இளைஞர்கள் தனிக்குடித்தனம் போகும் வேகம் குறைந்திருந்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். வாடகை கொடுக்க முடியாமல், டெபாசிட் சேர்க்க முடியாமல் அப்பா அம்மாவோடு தங்கிவிட்டவர்களைக் கணக்கு ‘குடும்பம் உருவாகவில்லை’ என்று எடுத்துக்கொண்டது. குடும்பம் இல்லையென்றால் வீடு எதற்கு? பற்றாக்குறையே பற்றாக்குறை இல்லை என்று சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அரசு அந்தப் புதுக் கணிப்பை ஏற்காமல் 2014 எண்ணையே பிடித்துக்கொண்டு சில வருடம் ஓட்டியது. பிறகுதான் குடும்ப எண்ணிக்கையை விட்டுவிட்டு வீட்டு எண்ணிக்கைக்கு வந்தார்கள்.

உங்கள் மகன் அந்தக் கணக்கில் காணாமல் போனவர்களில் ஒருவர்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பெரிய மருத்துவமனை ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்துத் தெருவில் நான்கு படுக்கையறை வீடு, கீழே ஒரு ஹால், ஒரு சமையலறை. நான்கு நர்ஸ்கள், ஆளுக்கு ஓர் அறை. அதில் ஒருவர் மார்த்தாண்டத்துக்காரர். கணவரும் ஐந்து வயதுப் பெண்ணும் ஊரில் இருந்தார்கள். கூட்டி வர விசா தடையில்லை, வீடுதான் தடை. ஒரு கோயில் விழாவில் பழக்கமாகி, என் வேலை என்னவென்று தெரிந்ததும், “அக்கா, உங்க கணக்குல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து உண்மையிலேயே தேடிப் பார்த்தேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரே சமையலறையையும் ஹாலையும் பகிர்ந்துகொண்டு ஒரு முகவரியில் இருப்பவர்கள் உறவில்லாவிட்டாலும் ஒரே குடும்பம். நான்கு நர்ஸும் சேர்ந்து ஒன்று. ஆளுக்கு ஓர் அறை இருப்பதால் நெருக்கடியான வீடு என்ற பட்டியலிலும் வராது. கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்போர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க முடியாது. பொது நிதி உதவி கிடையாது என்ற நிபந்தனை அவர் விசாவில் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் இருக்கும் கணவரும் குழந்தையும் எந்த ஆங்கில மாவட்டத்தின் கணக்கிலும் இல்லை. ஆக, இரண்டு படுக்கையறை வீடு ஒன்றின் தேவை அங்கே முழுசாக இருக்கிறது, எங்கள் ஆவணத்தில் அது பூஜ்யம்.

காத்திருப்போர் பட்டியலை நம்பித் தேவையை அளப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2012இல் இங்கிலாந்து முழுவதும் அந்தப் பட்டியல்களில் சுமார் 18.5 லட்சம் குடும்பங்கள் இருந்தன. 2018இல் சுமார் 11 லட்சம். ஆறு வருடத்தில் ஏழு லட்சம் குடும்பங்களுக்கு வீடு கிடைத்துவிடவில்லை. யாரைச் சேர்க்கலாம் என்று கவுன்சில்களே முடிவுசெய்யும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. இத்தனை வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும், இவ்வளவு சம்பளத்துக்கு மேல் கூடாது என்று விதி போட்டுப் பெயர்களை எடுத்தார்கள். 2024இல் பட்டியல் மறுபடி 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

திட்ட வரைவோடு இணைத்திருக்கும் வீட்டுத்தேவை மதிப்பீட்டு அறிக்கையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் கன்சல்டன்ட் எழுதியது, நூறு இருநூறு பக்கம் இருக்கும். ‘கட்டுப்படியாகும் வீட்டின் தேவை’ என்ற அத்தியாயத்துக்கு நேரே போங்கள். இப்போது வீடு சரியில்லாமல் இருப்பவர்கள், இனி தனிக்குடித்தனம் போகப்போகிறவர்களில் சந்தை விலை கொடுக்க முடியாதவர்கள், இரண்டையும் கூட்டி, காலியாகி மறுபடி வாடகைக்கு வரும் சமூக வீடுகளையும் (கவுன்சிலோ வீட்டுவசதிச் சங்கமோ குறைந்த வாடகைக்கு விடுபவை) கட்டுவது உறுதியானவற்றையும் கழிப்பார்கள். முறை சரிதான். ஆனால் ‘கொடுக்க முடியாதவர்’ யார் என்பதை முடிவுசெய்வது ஒரே ஒரு சதவீதம். சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகலாம்?

மாத வாடகை 1,000 பவுண்டு, வருடத்துக்கு 12,000 என்று வையுங்கள். சம்பளத்தில் 30 சதவீதம்தான் வாடகைக்குப் போகலாம் என்றால் 40,000 பவுண்டு சம்பாதிப்பவர் மட்டுமே சமாளிப்பார். 40 சதவீதம் என்று மாற்றினால் 30,000 போதும். மூன்று வருட அனுபவமுள்ள நர்ஸுக்கு 2024-25இல் அடிப்படைச் சம்பளம் சுமார் 32,000. முதல் கணக்கில் அவர் தேவையுள்ளவர், இரண்டாவதில் தேவையே இல்லாதவர். அந்தச் சதவீதத்தை மாற்றிப் போட்டு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அட்டவணையில் இருந்து மறைவதை என் திரையிலேயே பார்த்திருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அறிக்கையில் அந்தச் சதவீதம் பெரும்பாலும் ஒரு பத்தியின் நடுவில் இருக்கும். தேடிப் பிடியுங்கள்.

சிறிய கிராமங்களில் வேறு வழி உண்டு. வீடு வீடாகக் கேள்வித்தாள் அனுப்பி, இந்த ஊரோடு தொடர்புள்ள எத்தனை பேருக்கு வீடு வேண்டும் என்று கேட்பார்கள். வழக்கமாக அனுமதி கிடைக்காத ஊர் எல்லை நிலத்தில்கூட, உள்ளூர்க்காரர்களுக்கான கட்டுப்படியாகும் வீடுகளை மட்டும் இந்த ஆதாரத்தை வைத்துக் கட்ட முடியும். நான் கையாண்ட ஒரு கிராமத்தில் கால்வாசித் தாள்கூடத் திரும்பி வரவில்லை. வந்ததில் ஒன்றின் பின்பக்கம் ஓர் அம்மா பேனாவால் நிரப்பியிருந்தார். இரண்டு பெண்களும் இருபத்தைந்து மைல் தள்ளி டவுனில் வாடகைக்கு இருக்கிறார்கள், ஒருத்தி இந்தக் கிராமப் பள்ளியிலேயே உதவியாளர், தினமும் காரில் வந்து போகிறாள், அவளுக்கு இந்தத் தாளே வரவில்லை என்று. ஊரில் இருப்பவருக்குத்தானே தபால் போகும். போக வேண்டி வந்தவர்களை யார் கேட்பது? அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலிலும் கடை கவுன்டரிலும் தாள் வைக்க ஆரம்பித்தோம், இன்னும் பலர் எழுதினார்கள்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்போர்டைப் பாருங்கள். நகரமும் ஒரு மாவட்டம்தான், ஆனால் சுற்றிலும் எளிதில் கட்ட அனுமதி கிடைக்காத பசுமை வளையம், உள்ளே இடமில்லை. நிரம்பி வழியும் தேவையை நான்கு பக்கத்து மாவட்டங்கள் ஏற்க வேண்டும் என்று 2016இல் பங்கு பிரித்தார்கள். செர்வெலுக்கு 4,400, தென் ஆக்ஸ்போர்டுஷயருக்கு 4,950. தென் ஆக்ஸ்போர்டுஷயர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த திட்டத்துக்கு ஆக்ஸ்போர்டு செர்வெலை மட்டும் சேர்த்துக்கொண்டு மதிப்பீடு செய்தது. வருடத்துக்கு 1,322 வீடு தேவை என்று வந்தது. அப்போதைய அரசுச் சூத்திரம் கொடுத்ததோ 762. மற்ற மாவட்டங்கள் ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தோடு உரிய முறையில் ஒத்துழைக்கவில்லை என்று திட்டத்தைப் பரிசோதிக்க வந்த அரசு ஆய்வதிகாரிகள் 2024இல் சொல்லிவிட, பல வருட உழைப்பில் உருவான திட்டத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1,322 மிகை என்று பலர் சொன்னார்கள். அந்த நகரத்து வாடகையைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அது மிகையாகத் தெரியவில்லை.

ஆகவே நம்பலாமா என்றால்: உங்கள் பகுதியில் விலை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதற்கு அந்த 936 நல்ல அடையாளம். அதோடு சண்டை போட்டுப் பெரிதாகக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஆனால் 936இல் எத்தனை சமூக வாடகைக்கு, எத்தனை இரண்டு படுக்கையறை, எத்தனை நான்கு படுக்கையறைத் தனி வீடு என்பது சூத்திரத்தில் இல்லை. அங்கேதான் உள்ளூர் ஆதாரம் செல்லும். சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை வாங்குவதையும் ‘கட்டுப்படியாகும் வீடு’ என்றே எழுதுவார்கள். உங்கள் ஊர் வாடகையில் 80 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கருத்துக் கேட்கும் காலம் ஆறு வாரம் போலத்தான் இருக்கும். வயலைப் பற்றி நூற்றுக்கணக்கில் கடிதம் வரும். பதினோரு வருடத்தில் அறை வாடகைக்கு இருப்பவர்களிடம் இருந்து வந்த கடிதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகனையே எழுதச் சொல்லுங்கள், அவர் பெயரில். என்ன வேலை, கையில் எவ்வளவு வருகிறது, எத்தனை வீடு பார்த்தார், ஒவ்வொன்றும் என்ன வாடகை கேட்டார்கள், ஏன் முடியவில்லை என்று அரைப் பக்கம் போதும். அந்தக் கடிதமும் பதிவாகும், கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும்.